பயணம் போகும் தம்பியே, எழுதி வாங்கினாயா?



கடத்தூர் வெற்றிலைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கடனுக்கு ஒரு மூட்டை வெற்றிலை தூக்குகிறவரின் பெயரை வியாபாரி துண்டுச் சீட்டிலாவது குறித்துக்கொள்ளாமல் விடமாட்டார். மளிகைக் கடையில் அரைக் கிலோ பருப்புக்கும் கணக்கு நோட்டு உண்டு. ஆனால் மனைவியின் நகையை அடகு வைத்து, மச்சானிடம் கை நீட்டி, மீதிக்கு மூன்று ரூபாய் வட்டியில் கடன் வாங்கித் திரட்டிய இரண்டு லட்சத்தை விசா ஏஜெண்டிடம் கொடுக்கும்போது மட்டும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது! கேட்டால், “நமக்குள்ள என்ன பாய் எழுத்து? எல்லாம் நம்பிக்கைதான்” என்பார். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம்.

குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையா? நோன்பா? இல்லை, கடன்! இரண்டாவது அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுகிறவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், சிறு தொகையாக இருந்தாலும் சலித்துக்கொள்ளக் கூடாது என்று வல்ல அல்லாஹ் அத்தனை நுணுக்கமாகக் கட்டளையிடுகிறான். எழுதிக் கேட்பது நம்பாமை என்று சொல்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ இந்த வசனத்தை அலட்சியம் செய்கிறார். தாடியும் தொப்பியும் ரசீது ஆகாது சகோதரர்களே!

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் கடல் கடந்து போவது மூன்று நான்கு தலைமுறைப் பழக்கம். அங்கே ஒரு பையன் புறப்பட்டால், போகும் ஊரில் தங்க வைக்க மாமா இருப்பார். சம்பளம் வராவிட்டால் கேட்க ஊர் அமைப்பு இருக்கும். நம் தர்மபுரி மாவட்டம் அப்படியல்ல. பொம்மிடியில் ரயிலேறி சென்னைக்கும், பஸ் ஏறி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் நாம். கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பையன் ரியாத்தில் இறங்கும்போது அவனுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஏஜெண்ட்தான். அந்த ஏஜெண்டும் செல்போனை அணைத்துவிட்டால்?

ஃப்ரீ விசா யாருக்கு ஃப்ரீ?

“ஃப்ரீ விசா” என்கிறார்கள். “ஆஸாத் விசா” என்றும் விற்கிறார்கள். எந்த அரபு நாட்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு விசா கிடையாது. நடப்பது இதுதான். அங்கே ஒரு கஃபீல், தன் வீட்டுக்கு டிரைவர் தேவை, தோட்டத்துக்கு ஆள் தேவை என்று விசா எடுக்கிறார். உண்மையில் அவருக்கு ஆள் தேவையில்லை, காசுதான் தேவை. அந்த விசா இரண்டு மூன்று கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. அந்தக் கைகளில் பாதி கலிமா சொன்ன கைகள் என்பதுதான் கைசேதம்! கடைசியில் நம் பையன் தலையில் அது இறங்குகிறது. போய்ச் சேர்ந்ததும் கஃபீல் சொல்கிறார்: “எங்கே வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள். வருடத்துக்கு இவ்வளவு எனக்குக் கட்டு. இகாமா புதுப்பிக்கும் செலவும் உன்னுடையது.”

இதற்குப் பெயர் சுதந்திரமா தம்பி? உன் காகிதத்தில் ஒருவர் முதலாளி, உன்னிடம் வேலை வாங்குகிறவர் இன்னொருவர். சவூதி தொழிலாளர் சட்டப்படி இதுவே குற்றம். வேலை வாங்கியவர் சம்பளம் தராவிட்டால் நீ புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் முதலில் பிடிபடுவது நீதான். கஃபீலுக்குக் கோபம் வந்தால் ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவன் என்று உன்னைப் பதிந்துவிடுவார். அன்றிலிருந்து நீ தெருவில் நடமாடும் கைதி.

2011இல் சவூதி அரசு நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2013இல் பொது மன்னிப்புக் கெடு வைத்து, காகிதம் சரியில்லாதவர்களை வெளியேறச் சொன்னது. அந்த ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் சோம்பேறிகள் எத்தனை பேர்? வியர்வை சிந்தி உழைத்தவர்கள்தான் ஏராளம். காகிதத்தில் இருந்த வேலையும் கையில் இருந்த வேலையும் வேறு வேறு என்பதே அவர்கள் செய்த குற்றம்.

இப்போது கஃபாலா சட்டம் தளர்ந்துவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மை, தளர்ந்திருக்கிறது. கத்தார் 2020இல் வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று தேவையில்லை என்று ஆக்கியது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால், தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 என்றும் விதித்தது. சவூதியும் அதே 2021 மார்ச்சில் வேலை மாறும் வழியைத் திறந்தது. ஆனால் அந்தச் சவூதிச் சீர்திருத்தத்தில் வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் சேர்க்கப்படவில்லை! நம் பையன்களுக்கு ஃப்ரீ விசா என்று விற்கப்படுவது பெரும்பாலும் எது? அதே ‘சாயிக் காஸ்’ எனும் வீட்டு டிரைவர் விசாதான். கதவு திறந்த அறையை விட்டுவிட்டு, கதவில்லாத அறைக்குத்தான் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டுகள் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். பதிவு இல்லாமல் அனுப்புவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெற்றவரும் உன்னிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். சேவைக் கட்டணம் என்று அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது கொள்ளை! ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் ஏஜெண்டின் பதிவு எண்ணைப் போட்டால் அவர் யார் என்பது தெரிந்துவிடும். பெண் பார்க்கப் போனால் ஏழு தலைமுறை விசாரிக்கிறோம். இதை விசாரிக்க ஐந்து நிமிடம் இல்லையா?

பத்தாம் வகுப்பு தேறாத தம்பிக்கு ஒரு வார்த்தை. உன் பாஸ்போர்ட் ‘இ.சி.ஆர்.’ வகை. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக நீ குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா எனும் காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். இதெல்லாம் தலைவலி என்று ஏஜெண்ட் உன்னை விசிட் விசாவில் ஏற்றி அனுப்புகிறார். அந்த 10 லட்சமும் அங்கேயே போச்சு! அமீரகத்தில் விசா முடிந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஒரு மாதத்துக்கு 1,500. 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே பொது மன்னிப்பு அறிவித்தபோது வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வட்டி என்னும் முதல் சம்பளம்

இரண்டு லட்சம் கடன், மூன்று ரூபாய் வட்டி. மாதம் 6,000. ஆண்டுக்கு 72,000. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்து நீ லீவில் வரும்போது 1,44,000 வட்டியாகவே போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்று மேடையில் முழங்குகிறோம். பயணத்தின் முதல் அடியையே வட்டியின் மேல் வைத்துவிட்டு, பரக்கத் எங்கே என்று தேடுகிறோம்! கடன் விட்டுச் சென்றவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்கத் தயங்கிய சம்பவத்தைப் பயானில் கேட்டு அழாதவர் யார்? அழுதது அந்த நேரத்தோடு முடிந்துவிடுகிறதா?

சம்பள ஒப்பந்தத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. “மொத்தம் 1,500 திர்ஹம்” என்றதும் நம் பையன் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. அமீரகத்தில் வேலை முடிந்து வரும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,500உம் அடிப்படைச் சம்பளமானால் ஆண்டுக்கு 1,050 திர்ஹம் கிடைக்கும். அடிப்படை 600, மற்றதெல்லாம் படி என்று எழுதியிருந்தால் 420தான். ஒரே சம்பளம், ஒரே வேலை, எழுத்தில்தான் வித்தியாசம்! பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது சவூதி, அமீரகம், கத்தார் மூன்றிலும் சட்டவிரோதம் என்பதையும் தெரிந்துகொள். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் மூன்றின் நகலும் ஊரில் உன் வீட்டில் இருக்கட்டும்.

படுக்கிற இடம்

2024 ஜூன் 12. குவைத்தின் மங்காஃப் பகுதியில் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் விடியற்காலையில் தீ. ஒரே கட்டடத்தில் ஏறத்தாழ 200 பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறியே இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானம் 45 இந்தியர்களின் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். அவர்கள் அத்தனை பேரும் வேலைக்குத்தான் போயிருந்தார்கள்.

துபாயில் ஒரு அறையைப் பலகையால் ஆறாகத் தடுத்து ‘பெட் ஸ்பேஸ்’ என்று வாடகைக்கு விடுகிறார்கள். 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் இப்படி அனுமதியில்லாத தடுப்பறைகளை அகற்ற இறங்கியது. முன்பணம் கொடுத்தவனிடம் வாடகை ஒப்பந்தம் இல்லை, அதனால் திரும்பக் கேட்கவும் வழியில்லை. தங்குமிடம் கம்பெனியுடையதா, உன்னுடையதா, உன்னுடையது என்றால் அதற்குப் படி எவ்வளவு என்பது ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று கனவு காண்கிறவர்கள் கணக்குப் போட்டுவிட்டுக் காணுங்கள். சவூதி 2017 ஜூலையில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி போட்டது. ஆண்டுக்கு நூறு நூறாக ஏற்றி 2020 ஜூலையில் 400 ஆக்கியது. மனைவி, இரண்டு பிள்ளை என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால்! இன்னும் வாடகை இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது.

அனுப்புகிற பணம், கட்டுகிற வீடு

உண்டியலில் அனுப்பினால் ரேட் கொஞ்சம் கூட. அவ்வளவுதானே உங்கள் வாதம்? அது அன்னியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறம். யாரோ செய்த இணைய மோசடியின் பணம் உங்கள் வாப்பாவின் கணக்கில் விழுந்து, போலீஸ் அந்தக் கணக்கையே முடக்கிவிடும் காலம் இது. இன்னொன்றையும் யோசியுங்கள். பத்தாண்டு உண்டியலில் அனுப்பியவனிடம், தான் அனுப்பினான் என்பதற்கு ஒரு வரி ஆதாரம் உண்டா? நாளைக்குத் தம்பி, “நீ எங்கே அனுப்பினாய்? கடை வருமானத்தில் நான் கட்டிய வீடு இது” என்றால் எதைக் காட்டுவாய்?

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதுமே உன் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு. வட்டியைத் தொட விரும்பாதவர்கள் அதிலேயே நடப்புக் கணக்கு வைக்கலாம். வட்டி வேண்டாம் என்ற நல்லெண்ணத்தையே சிலர் வியாபாரமாக்கிவிட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள். நமக்கு அருகில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் பணத்தை வாங்கியது. ஆலிம்கள் சிலரின் பரிந்துரையும் அதற்கு இருந்தது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் முகமது மன்சூர் கான் துபாய்க்குப் போய்விட்டார். ஜூலையில் டெல்லியில் இறங்கியபோது கைதானார். வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்த பணமும், மகள் நிக்காஹுக்கு வைத்த பணமும் அதில் போயின. ஹலால் என்று பலகையில் எழுதினால் போதாது. லாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்று கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்!

இனி வீட்டுக்கு வருவோம். நம் சமுதாயத்தில் உடன்பிறந்தவர்களைக் கோர்ட்டில் நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். மகன் பதினைந்து வருடம் பணம் அனுப்புகிறான். வாப்பா பெயரில் உள்ள மனையில் இரண்டு மாடி வீடு எழும்புகிறது. வாப்பா வஃபாத்தாகிறார். வீடு யாருக்கு? வாப்பாவின் சொத்து என்றே பத்திரம் சொல்கிறது. எனவே உம்மாவுக்குப் பங்கு, அண்ணன் தம்பிக்குப் பங்கு, அக்கா தங்கைக்குப் பங்கு. உடனே மகன் கொதிக்கிறான்: “நான் கட்டிய வீட்டில் அக்காவுக்கு என்ன பங்கு?” அக்காவை ஏன் திட்டுகிறாய்? அவள் பங்கு குர்ஆனின் நான்காவது அத்தியாயத்தில் இறைவன் விதித்தது. அவள் கேட்பது வாப்பாவின் சொத்தில் தன் ஹக்கை. அது உன் சொத்து என்றால் வாப்பா உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் வைத்திருக்க வேண்டியவன் நீ! மனையை வாப்பா உனக்கு ஹிபா கொடுத்தாரா? இஸ்லாமிய முறைப்படி வாய்மொழி ஹிபாவும் செல்லும்தான். ஆனால் கொடுத்தவர் கப்ரில் இருக்கும்போது சாட்சி சொல்ல யார் வருவார்? நீ அனுப்பியது வாப்பாவுக்கு அன்பளிப்பா, கடனா, கட்டடச் செலவா என்று ஒரு தாளில் எழுதி, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தால் இந்தச் சண்டை எங்கே வரும்?

கடத்தூர்ப் பக்கத்துச் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. மரவள்ளியும் கரும்பும் விளையும் பூமி நம்முடையது. கையில் நாலு காசு சேர்ந்ததும் நம்மவர் நினைப்பு ஒரு ஏக்கர் நிலம்தான். வெளிநாட்டில் வேலையில் இருக்கும் இந்தியக் குடிமகன், இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடம் தரவில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் துபாயிலிருந்து பணம் அனுப்பி நிலம் கிரயம் முடிக்கிறார்கள். சிலர் மச்சான் பெயரில் வாங்கிவிட்டு, பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். வீட்டு மனை வாங்கவே ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்காதீர்கள். இந்தச் சொத்து, இந்த வேலை என்று குறித்துக் கொடுங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பிய பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

ஜமாஅத்தாரே, வணிகப் பெருமக்களே!

இளைஞனை மட்டும் குறை சொல்லி எங்களால் பேனாவை மூட முடியாது. அவன் ஏஜெண்டிடமும் வட்டிக்காரனிடமும் போனது, உங்களிடம் வர வழி இல்லாததால்தான். ‘மாப்பிள்ளை துபாய்’ என்றதும் கைக்கூலியை ஏற்றிப் பேச வரும் பெரியவர்கள், அவன் துபாய் போகும் முன் அவனுடைய விசாவை வாங்கிப் படித்ததுண்டா?

அரசும் தூங்கியது. கேரளா 1996இலேயே நோர்க்கா என்று தனித் துறை வைத்தது. தமிழ்நாட்டில் 2011இல் சட்டம் வந்தது. வாரியம் அமைப்போம் என்று அரசு அறிவிக்க 2021 அக்டோபர் ஆனது! இப்போது அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்துகொண்டோர் நம் பகுதியில் எத்தனை பேர்? சென்னையில் 1978 முதல் அரசின் சொந்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது. அதன் விளம்பரத்தை எந்தப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலாவது ஒட்டினோமா? மாவட்டத் தலைநகரில் வாரியத்துக்கு ஓர் அலுவலகம் கேட்டுக் கலெக்டரிடம் மனுக் கொடுப்பது நம் வேலை. அதை அமைப்பு செய்யும், இன்ஷா அல்லாஹ்.

வணிகர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பத்துப் பேர் ஆளுக்கு 50,000 போடுங்கள். ஐந்து லட்சம். சட்டப்படியான 35,400 ரூபாய்க் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன் என்றால், ஒரே சுற்றில் 14 இளைஞர்களை அனுப்பலாம். தர்மமாக வேண்டாம், அழகிய கடனாகக் கொடுங்கள். எழுதிக் கொடுங்கள், சாட்சி வையுங்கள், முதல் சம்பளத்திலிருந்து மாதத் தவணையாகத் திரும்ப வாங்குங்கள். திரும்பி வந்த பணம் அடுத்த 14 பேருக்குப் போகட்டும். நிபந்தனையும் போடுங்கள்: பதிவு பெற்ற ஏஜெண்ட், கையில் ஒப்பந்தம், இகாமாவில் உள்ள வேலையும் செய்யப்போகும் வேலையும் ஒன்று. ஃப்ரீ விசாவுக்கு ஒரு ரூபாய் கிடையாது. விசா விற்கிற ஏஜெண்ட் நம் மஹல்லாக்காரரே ஆனாலும், அவர் பெயரும் பதிவு எண்ணும் வாங்கிய தொகையும் பள்ளிவாசல் நோட்டில் ஏறட்டும். மறுக்கிறாரா? ஏன் மறுக்கிறார் என்று ஜமாஅத் முன்னால் கேளுங்கள்.

தம்பி, நீயும் வரும் ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லியிடம் போய் ஒரு கேள்வி கேள். நம் மஹல்லாவிலிருந்து இன்று எத்தனை பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள்? எந்த ஊரில், யார் கொடுத்த விசாவில், எவ்வளவு கடனோடு? அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் கோபப்படாதே. பக்கத்துக் கடையில் ஒரு நோட்டு வாங்கி வந்து, முதல் பெயரை நீயே எழுது.